ஒத்தடத்துக்குப் போன விதைநெல்

சேசு மரி சூசை

மன்னார்குடி,
21.9.2025, ஞாயிறு.

பிரியமுள்ள மகள் எல்சிக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவால் நானும் உன் அம்மாவும் இங்கே நல்ல சுகம். நீ அந்தக் குளிரிலும் தூறலிலும் சுகமாக இருக்க வேண்டுமென்று உன் அம்மா இரண்டு வேளையும் செபமாலை சொல்கிறாள், அவள் சொல்லி முடிக்கும்வரை நான் டிவியை நிறுத்தி வைக்கிறேன், என் பங்கு அவ்வளவுதான் என்று உனக்குத் தெரியும். கையில் போன் இருக்கும்போது அப்பா எதற்குப் பேனாவைப் பிடித்தார் என்று நினைப்பாய். போன செவ்வாய்க்கிழமை உன் அம்மா வேளாங்கண்ணியிலிருந்து உனக்குப் போன் போட்டு, எடுத்த எடுப்பில் உன் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாளே, அதற்கு நீ எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தாய். சனவரியில் நீ பனியில் வழுக்கி விழுந்து கால் முறிந்ததிலிருந்து எட்டு மாதமாக அம்மா ஒருநாள்கூட அந்தக் காலைப் பற்றிக் கேட்டதில்லை, சாப்பிட்டாயா, மழையா, டூட்டி எத்தனை மணிக்கு என்பதைத் தாண்டிப் பேச்சே இல்லை, அது உன் மனசில் முள்ளாக இருந்தது, இன்றைக்குத் திடீரென்று கேட்கிறாள் என்றால் அவளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது, நீங்கள் என்னிடம் மறைக்கிறீர்கள் என்று எழுதியிருந்தாய். மறைத்தது உண்மைதான். ஆனால் நீ பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. இதைப் போனில் சொல்ல முடியாது, நான் போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் வாயிலிருந்து பாதியைப் பிடுங்கிக்கொள்வாள். நம் தெரு வானதியும் உன்னை மாதிரியே நர்ஸ் வேலைக்கு, நீ இருக்கிற டப்ளினுக்கே, புதன்கிழமை புறப்படுகிறாள், அவளிடம் கொடுக்கிற பார்சலில் பருப்புப் பொடிக்கு அடியில் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன்.

உன் அம்மாவுக்கு வலது முட்டி நான்கு வருஷமாகத் தொல்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான். எலும்பு டாக்டர் கலைமகள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத் தேய்மானம் என்றார், தேய்ந்தது தேய்ந்ததுதான், ஆனால் வலியையும் பிடிப்பையும் குறைத்துக்கொண்டு நன்றாகவே நடமாடலாம், சூடு கொடுங்கள், பயிற்சி செய்யுங்கள், எடையைக் கொஞ்சம் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பினார். உன் அம்மா அதில் ஒன்றையும் செய்யவில்லை. காலையில் எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நொண்டுவாள், பிறகு வேலை பார்க்கப் பார்க்கக் கால் வழிக்கு வந்துவிடும், வந்ததும் மறந்துவிடுவாள். இப்படி இருந்தவள் மே மாதக் கடைசியில் மாறினாள். நீ வீடியோவில் வந்து, ஊன்றுகோலை விட்டுவிட்டேன் பாருங்கள் என்று அந்த ரூமின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து காட்டினாயே, அன்றைக்கு. உன் அம்மா பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள், பாத்திரம் உருளுகிற சத்தம் உனக்கே கேட்டது, உன் முகம் வாடியதை நான் பார்த்தேன். மறுநாள் காலையில் அவளாக வந்து, என் முட்டிக்கு ஏதாவது செய்யுங்கள், ஆவணிக்குள் சரியாக வேண்டும் என்றாள். நாற்றுப் பறிக்கிற நேரத்துக்குக் கால் வேண்டும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கும் புத்தி அவ்வளவுதான் ஓடியது.

நான் உடனே உன்னிடம் சொன்னேன், நீயும் அந்தக் கரண்டில் சூடாகிற பேட் ஒன்றை வாங்கி அனுப்பினாய். அதன் பிளக் நம் வீட்டு ஓட்டையில் நுழையாமல் ஜெகபர் அலி கடையில் வேறு பிளக் மாட்டிக்கொண்டு வந்தேன். ஆனால் உன் அம்மா, கரண்டு கம்பியைக் காலில் சுற்றிக்கொண்டு உட்காருவதற்கு நான் என்ன டிரான்ஸ்பார்மரா என்று கேட்டுவிட்டாள். இரண்டு நாள் நான் கட்டிக்கொண்டு காட்டினேன், மூன்றாம் நாள் மின்தடை, அதோடு பேட் பீரோவுக்குள் போய்விட்டது. சரி, ஒத்தடம் இருக்கிறதே என்று இறங்கினேன். எல்சி, நான் முப்பத்தொரு வருஷம் ரைஸ்மில்லில் பாய்லர் பார்த்தவன், உமியைப் போட்டு ஆவி எழுப்பி நெல் அவித்தவன், சூடு என்றால் எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம் என்று ஒரு மிதப்பு. முதல்நாள் வலித்தைலத்தை அழுத்தித் தேய்த்து அதன்மேல் வறுத்த உப்பு முடிச்சை வைத்தேன். அவள் சுடுகிறது என்றாள், சுட்டால்தான் இறங்கும் என்றேன். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்துவிட்டது. உனக்குப் போன் போட்டேன், நீ என்னைக் கிழித்த கிழியில் ஸ்பீக்கர் அதிர்ந்தது. தைலம் தடவினால் சூடு கூடாது, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துத் தாங்குகிற சூடுதான் சூடு, நடுவில் ஒரு துண்டு வேண்டும், பதினைந்திலிருந்து இருபது நிமிஷம், அதற்குமேல் வேண்டாம், வைத்துக்கொண்டே தூங்கக் கூடாது, முட்டி வீங்கிக் கொதிப்பாக இருந்தால் சூடு பக்கமே போகக் கூடாது, சூடு ஆறுவதற்குள் காலை நீட்டி மடக்குகிற பயிற்சி செய்ய வேண்டும். இதையெல்லாம் காலண்டர் பின்பக்கத்தில் எழுதி அடுப்படியில் ஒட்டினேன். நெல்லுக்குக்கூட ஆவி அதிகமானால் அரிசி வெடித்துவிடும், அது தெரிந்தவனுக்குப் பெண்டாட்டி முட்டியில் தெரியவில்லை பார்.

அதன்பிறகு ஒழுங்காகச் செய்தேன். உப்பு சீக்கிரம் ஆறிவிடுகிறது, மணல் கனக்கிறது, தவிடு தீய்ந்த வாடை அடிக்கிறது. ஒருநாள் பரணில் ஒரு வெள்ளைத் துணிப்பை கண்ணில் பட்டது, பிரித்துப் பார்த்தால் இரண்டு படி நெல், உள்ளே காய்ந்த நொச்சி இலை. மூட்டுவலிக்கு நொச்சி கைகண்டது, அதை நெல்லோடு போட்டு ஒத்தடத்துக்கென்றே கட்டி வைத்துவிட்டுச் சொல்ல மறந்திருக்கிறாள் என்று முடிவு செய்துவிட்டேன். இலையும் நெல்லுமாக இளஞ்சூட்டில் வறுத்து, என் பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு முடிச்சு கட்டினேன். அப்படி ஓர் ஒத்தடம் அமையாது, இருபது நிமிஷத்துக்குச் சூடு நிற்கிறது, வாசனையும் சுகமாக இருக்கிறது. மறுநாள் சும்மா வாணலியில் புரட்டினால் போதும், திரும்பத் தயார். ஜூலை பாதிக்குள் காலை நொண்டல் அரைமணியிலிருந்து ஐந்து நிமிஷமாகக் குறைந்தது. மிளகாய் காயவைக்க மாடிப்படி ஏறினாள். தேய்மானம் போகாது, பிடிப்பு விட்டிருக்கிறது, விடாமல் செய்யுங்கள் என்று டாக்டரும் சொன்னார். நான் தெருவில் நாலு பேருக்கு இலவச ஆலோசனை சொல்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டேன்.

அப்போதுதான் ஒரு விவகாரம் ஆரம்பித்தது. வாரம் முழுக்க நன்றாக இருக்கிற முட்டி சனிக்கிழமை காலையில் வீங்கிக் கொதிக்கும். உன்னிடம் கேட்டேன், சூட்டை நிறுத்தி ஈரத்துணி போட்டு ஓய்வு கொடுங்கள், அம்மா ஏதாவது பாரம் தூக்குகிறாளா பாருங்கள் என்றாய். செவ்வாய்க்குள் வீக்கம் வடியும், அடுத்த சனிக்கிழமை மறுபடி அதே கதை. மில்லில் ஓர் அவியல் நெல் கெட்டால் எந்தத் தொட்டியில் தப்பு என்று தேடிப் பிடிப்பதுதான் என் வேலை. வெள்ளிக்கிழமை என்ன நடக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். கொல்லையில் குளியலறை கட்டுவதற்கு மணல் அடித்துப் போட்டிருந்தோமே, அதில் ஓர் ஓரமாகக் கட்டைவண்டி போன மாதிரி இரண்டு தடம் தெரிந்தது. நம் கொல்லைக்குள் வண்டி எப்படி வரும்? அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீ குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, சுற்றிவந்து வாழைக்குப் பின்னால் நின்றேன். உன் அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் செபமாலையோடு, அந்த மணலில் முழங்காலால் நடந்துகொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்வை. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது.

தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக் கேட்டதும் உடைந்துவிட்டாள். சனவரியில் உன் ரூம்மேட் போன் செய்து, எல்சியை ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று சொன்ன பிறகு ஆறு மணி நேரம் ஒரு தகவலும் இல்லாமல் இருந்தோமே, அப்போது நேர்ந்துகொண்டிருக்கிறாள். என் மகள் ஊன்றுகோல் இல்லாமல் நடந்தால், அந்த வருஷமே நான் வேளாங்கண்ணியில் கோயிலிலிருந்து மாதா குளம் வரை மணல் பாதையில் முழங்காலாலேயே வருகிறேன் என்று. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவ காலைத் தாங்க, என் காலைத் தர்றேன்னு மாதாகிட்ட சொன்னேன். அவங்க தந்துட்டாங்க. நான் தராம இருக்க முடியுமா?" அவள் பிறந்த வீட்டு வழக்கம் ஒன்று இருக்கிறதாம், நேர்ச்சை செலுத்தி முடிக்கும்வரை எதற்காக நேர்ந்தோமோ அதைப் பற்றி வாயால் விசாரிக்கக் கூடாது, விசாரித்தால் கொடுத்தவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமாம். எட்டு மாதம் உன் காலைப் பற்றி அவள் கேட்காதது அதனால்தான். நீ நடந்து காட்டியபோது எழுந்து போனதும் அதனால்தான், உட்கார்ந்திருந்தால் கேட்டிருப்பாள், இல்லை அழுதிருப்பாள். அடுப்படியில் போய் அழுததைப் பாத்திரம் உருட்டி மறைத்திருக்கிறாள். நம் ஒத்தடம், பயிற்சி எல்லாவற்றையும் இந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் சேர்த்து வைத்திருக்கிறாள். நாம் திங்கள் முதல் வியாழன் வரை சரி பண்ணுவதை வெள்ளிக்கிழமை ஒத்திகை பார்த்து அவள் கெடுத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவ்வளவு தூரம் முழங்காலால் போனால் மூன்று மாதம் படுக்கைதான், பிறகு மூட்டு மாற்று ஆபரேஷனைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும் என்று கலைமகள் டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, அவங்க டாக்டருக்குப் படிச்சிருக்காங்க, நேர்ச்சைக்குப் படிக்கலை என்றாள். பங்குச் சாமியார் கிளமென்டிடம் போனோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அம்மா, உடம்புக்கு ஆகாது என்றால் நேர்ச்சையை மாற்றித் தர எனக்கு அதிகாரம் இருக்கிறது, வெள்ளியில் ஒரு கால் செய்து வைக்கலாம், பத்துப் பேருக்குச் சாப்பாடு போடலாம் என்றார். வெள்ளிக் காலையா சாமி நான் தருவதாகச் சொன்னேன் என்று கேட்டாள். அப்படியானால் உங்கள் வீட்டுக்காரர் உங்களுக்குப் பதிலாகச் செய்யலாம், கணவனும் மனைவியும் ஒரே உடல் என்று கலியாணத்தில் சொல்லியிருக்கிறோமே என்றார் அவர். உன் அம்மா என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தாளே ஒரு சிரிப்பு, சாமியாரும் சேர்ந்து சிரித்துவிட்டார். "இவரா? பூசையில எழுந்தேற்றத்துக்கே மண்டி போடாம கடைசித் தூணுக்குப் பின்னாடி நிக்கிற ஆளு சாமி இவரு. கலியாணத்தன்னைக்கே கைக்குட்டைய விரிச்சுத்தான் மண்டி போட்டாரு." அது பொய்யில்லை, பேன்ட் புதுசு. நானும் ஏதோ முணுமுணுத்துவிட்டு வந்துவிட்டேன். உள்ளே சுருக்கென்று இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் கேட்கவே இல்லையே, நான் மாட்டேன் என்று அவளாகவே தீர்மானித்துவிட்டாளே என்று இருந்தது.

இதற்கு நடுவில் ஆவணி பாதி ஓடிவிட்டது, வாய்க்காலில் தண்ணீர் நிறைய வந்தது, எல்லாரும் சம்பாவுக்கு நாற்று விட ஆரம்பித்தார்கள். ஒருநாள் காலை நான் ஒத்தட முடிச்சை அவள் முட்டியில் வைத்துத் துண்டால் சுற்றிக்கொண்டிருக்கிறேன், அவள், பரணில் தூயமல்லி விதை வைத்திருந்தேனே, பையைக் காணோம், எலி இழுத்துப் போயிருக்குமோ, நாளைக்கு ஊற வைக்க வேண்டும் என்றாள். எந்தப் பை என்றேன். வெள்ளைப் பை, பூச்சி அரிக்காமல் இருக்க நொச்சி இலை போட்டுக் கட்டியிருந்தேன் என்றாள். சுற்றிய துண்டை நான் மறுபடி அவிழ்க்க ஆரம்பித்தேன். நெல்லைப் பார்த்தால் எனக்கு அவியலும் அரிசியும்தான் தெரியும், முளை தெரியாது, மில்லுக்கு வருகிற நெல் எதுவும் முளைக்கப் போவதில்லையே. அவள் என் முகத்தைப் பார்த்தாள், தன் முட்டியைப் பார்த்தாள், முடிச்சை எடுத்து மோந்தாள். "என் விதைநெல்லையா வறுத்து என் கால்லயே கட்டுனீங்க?" அவ்வளவுதான் கேட்டாள். வருஷம் தவறாமல் நம் நிலத்தில் ஒரு மூலையில் போட்டு, கதிர் கதிராகப் பொறுக்கி அவள் எடுத்து வைக்கிற விதை அது. கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு அந்த அரிசிதான் அவளுக்கு ஆகும். அதன்பிறகு இரண்டு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒத்தடமும் வேண்டாம் என்றுவிட்டாள். சாப்பாடு மட்டும் தட்டில் வந்து உட்காரும், உப்புச் சரியாகவே இருக்கும், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் வண்டியை எடுத்துக்கொண்டு கூத்தாநல்லூருக்கு ஷேக் பரீத் பாயிடம் போனேன். மில்லில் என்னோடு வேலை பார்த்தவர், இப்போது பயிர் வைக்கிறார், அவரிடம் இருக்கிற தூயமல்லி மூன்று வருஷத்துக்கு முன்பு உன் அம்மா கொடுத்த விதையிலிருந்து வந்ததுதான். நடந்ததைச் சொன்னதும் மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ராஜண்ணே, வறுத்த நெல்லை விதைச்சா பொரி மொளைக்கும், கொண்டுபோயி கோயில் திருவிழாவுல வித்துறலாம்." சிரித்துவிட்டு மூன்று படியாக அளந்து கொடுத்தார், அவங்க குடுத்ததைத்தானே திருப்பிக் குடுக்கறேன் என்றார். கொண்டுவந்து உன் அம்மா முன்னால் வைத்தேன். ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள், ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தாள், மூஞ்சி கொஞ்சம் இளகியது. உடனே நான் பேசிவிட்டேன். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இருதயம், விதையை நான்தான் கெடுத்தேன், அதற்கு நானே மண்டி போடுகிறேன், மணல் பாதையில் போடுகிறேன், உன் நேர்ச்சையும் அதோடு தீரட்டும் என்றேன். விதைக்கும் நேர்ச்சைக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கையிலிருந்த நெல்லைத் திரும்ப விதையோடு போட்டாள். பிறகு சொன்னாள்: "நான் கேட்டு நீங்க மாட்டேன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னுதான் கேக்கல. முப்பத்தாறு வருசமா உங்க காலும் என் காலும் ஒரே வீட்டுலதானே நடக்குது. மாதா ஒத்துக்குவாங்க." ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். நான் முழங்காலால் போக, அவள் பக்கத்திலேயே கடைசிவரை நடந்து வருவாள், என்னைப் பிடிக்காமல், கம்பு ஊன்றாமல். அதற்காக அன்றிலிருந்து ஒத்தடமும் பயிற்சியும் இரண்டு வேளை நடந்தது, வெள்ளிக்கிழமை ஒத்திகை நின்றது, சனிக்கிழமை வீக்கமும் நின்றது.

திருவிழாக் கூட்டம் வடியட்டும் என்று காத்திருந்து போன செவ்வாய்க்கிழமை திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக பஸ்ஸில் போனோம். அவள் பிளாஸ்க்கில் வெந்நீரும் ஒரு துண்டும் எடுத்துக்கொண்டாள், பஸ்ஸில் உட்கார்ந்தே வந்ததில் பிடித்திருந்த முட்டிக்கு அங்கே ஒரு மரத்தடியில் துண்டை நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினோம். ஒன்றை உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன், வேட்டிக்குள்ளே இரண்டு முட்டிக்கும் ஸ்பாஞ்சு வைத்துக் கட்டியிருந்தேன். பத்தடி போவதற்குள் ஒன்று நழுவிக் கணுக்காலுக்கு வந்துவிட்டது. பின்னால் வந்த ஒரு மலையாளத்து அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, ஏதோ கட்டு அவிழ்ந்துவிட்டது என்று கரிசனமாக உன் அம்மாவிடம் காட்டிக் கொடுத்தார். உன் அம்மா கையை நீட்டினாள். இரண்டையும் அவிழ்த்துக் கொடுத்தேன், பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மணல் என்றால் மெத்தை என்று நினைத்துவிடாதே. வெயில் ஏறியதும் சுடுகிறது, உள்ளே சிப்பித் துண்டு, மெழுகுவர்த்தி ஒழுகிக் காய்ந்தது எல்லாம் இருக்கிறது. பாதி தூரத்தில் என்னால் முடியவில்லை, இடுப்பு விட்டுப்போயிற்று. உன் அம்மா குடையை என் தலைக்குப் பிடித்துக்கொண்டு, அவசரமில்லை, இருந்து வாங்க என்றாள். அப்போது எனக்கு அந்த ஆறு மணி நேரம் ஞாபகத்துக்கு வந்தது. உன்னைப் பற்றித் தகவல் வராத அந்த ஆறு மணி நேரமும் நான் வாசலில் உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருந்த தண்ணி மோட்டாரைக் கழற்றி மாட்டி, மறுபடி கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் மண்டி போட்டிருந்தாள். பயம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான் எல்சி, அவளுக்கு அதைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் இருந்தது, எனக்கு இல்லை. உன் காலைப் பற்றி நினைத்துக்கொண்டே மிச்ச தூரத்தைப் போனேன். அழுதுகொண்டே போனேன், அங்கே எல்லாரும் அழுகிறவர்கள்தான், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாதாவுக்காகப் போனேனா என்று கேட்டால் தெரியாது. உனக்காகவும் உன் அம்மாவுக்காகவும் போனேன், மாதா அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மாதா குளம் வந்ததும் நான் அப்படியே சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா குடையை மடக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, துண்டை நாலாக மடித்துக் கீழே போட்டு, மெதுவாக மண்டி போட்டாள். ஒரு பரலோக மந்திரம் சொல்கிற நேரம்தான். பிறகு இடது காலை ஊன்றி, யாரையும் எதையும் பிடிக்காமல், தானாக எழுந்து நின்றாள். நாலு வருஷமாகச் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்காதவள். எழுந்ததும் முகத்தைக்கூடத் துடைக்கவில்லை, அவள் சொன்ன முதல் வார்த்தை, "எல்சிக்குப் போன் போடுங்க, கால் எப்படி இருக்குன்னு கேக்கணும்." அந்தப் போன்தான் உனக்கு வந்தது கண்ணு.

இப்போது நிலவரம் என்னவென்றால் அவள் நன்றாக நடக்கிறாள், நான் நொண்டுகிறேன். முதல் இரண்டு நாள் எனக்கு முட்டி வீங்கியிருந்தது, காலண்டர் பின்பக்கத்தைப் படித்துக் காட்டி ஈரத்துணிதான் போட்டாள், வீக்கம் வடிந்த பிறகு அதே விதைநெல் முடிச்சைச் சூடு பண்ணி எனக்கு ஒத்தடம் கொடுக்கிறாள். சுடுகிறது என்றால், சுட்டால்தான் இறங்கும் என்று சொல்லிக் காட்டுகிறாள். பரீத் பாய் கொடுத்த விதை நாற்றங்காலில் நாலு விரல்கட்டை உயரத்துக்குப் பச்சையாக நிற்கிறது. மாதா குளத்தில் நேர்ச்சை முடிந்தாலும் இரண்டு வேளை ஒத்தடத்தை விடவில்லை, இதை நிறுத்தினால் பழைய நொண்டல் திரும்பிவிடும் என்று டாக்டர் சொன்னது அவளுக்கு இப்போது காதில் ஏறியிருக்கிறது.

பார்சலில் பருப்புப் பொடி, மாவடு, நார்த்தங்காய் இருக்கிறது. அதோடு இரண்டு முடிச்சில் ஒன்றை உனக்கு அனுப்புகிறோம், உன் அம்மாவே புதுத்துணியில் தைத்தது. குளிர் ஆரம்பித்தால் முறிந்த இடம் வலிக்குமே, உன் மைக்ரோவேவில் ஒரு நிமிஷம் வைத்தால் போதும். உன் காலுக்குள் கம்பி வைத்திருக்கிறதால் உன் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வை, நீ எனக்குச் சொன்னதையெல்லாம் நீயும் செய், மணிக்கட்டில் சூடு பார், தைலம் தடவாதே, டூட்டி முடிந்து வந்த அசதியில் வைத்துக்கொண்டே தூங்கிவிடாதே. வீதியில் பனி உறைந்திருந்தால் அந்த வழவழப்புச் செருப்பைப் போடாதே. விமான நிலையத்தில் விதை கொண்டுவருகிறாயா என்று வானதியைப் பிடித்தால், இது ஒருநாளும் முளைக்காது, வறுத்தவர் பெயர் குழந்தைராஜ், அவர் பொறுப்பு என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றை மறந்துவிடாதே. அடுத்த ஞாயிறு உன் அம்மா போன் பண்ணுவாள். கால் எப்படி என்று கேட்டால் நல்லாருக்கும்மா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதே. எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, எத்தனை படி ஏறுகிறாய், எல்லாவற்றையும் நிதானமாகச் சொல். எட்டு மாதத்துக் கேள்வி அவளிடம் சேர்ந்து கிடக்கிறது, ஒவ்வொன்றாகக் கேட்கட்டும். நான் டிவியை நிறுத்தி வைக்கிறேன்.

உன்னை மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். உன் நெற்றியில் சிலுவை போட்டு, எங்கள் இருவர் ஆசீரும் முத்தமும்.

இப்படிக்கு
உன் அப்பா
ச. குழந்தைராஜ்
(முழங்காலுக்கு மேலே துண்டு, அதன்மேலே உன் அம்மாவின் கை)